ஜப்பானில் 80 நாள்: வரப்பில் கேட்ட ஒரு கேள்வி



கொட்டாரத்தில் பிறந்து, கன்னியாகுமரி மாவட்டத்திலேயே வேளாண் அலுவலராக வேலை பார்க்கும் எனக்கு, 56 வயதில்தான் முதல் வெளிநாட்டுப் பயணம் வாய்த்தது. ஊர் சுற்றப் போகவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம். மகளும் மருமகனும் டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். ஈட்டிய விடுப்பு எடுத்து, துறையில் தடையில்லாச் சான்று வாங்கி, 2025 ஏப்ரல் நடுவில் நானும் மனைவியும் புறப்பட்டோம். உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 90 நாள் வரைதான் விசா. நாங்கள் 80 நாள் இருந்தோம்.

மனைவிக்கு அங்கே வேலை இருந்தது: மகளுக்குப் பத்தியம், பேரனுக்கு எண்ணெய், குளியல். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் நடந்தேன், பஸ்ஸில் ஏறினேன், வயலைத் தேடிப் போனேன். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே ஒரு பெரியவர் கேட்ட கேள்வி ஊர் திரும்பியும் என்னை விடவில்லை. அதையும் சொல்கிறேன்.

நம்மவர்கள் வாழும் நிஷி-காசாய்

நரிட்டா விமான நிலையம் சீபா மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து டோக்கியோவுக்கு வரும் வழியெல்லாம் வயல். தண்ணீர் கட்டி, தொழி அடித்து, நடவுக்குத் தயாராகக் கிடந்தது. ஜப்பான் என்றால் ரயிலும் உயரமான கட்டடமும்தான் என்று நினைத்துப் போன எனக்கு, பஸ் ஜன்னலில் முதலில் தெரிந்தது வரப்புதான்.

மகள் வீடு இருக்கும் இடத்தின் பெயர் நிஷி-காசாய். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதோகாவா என்ற வட்டாரம். 2000-ஆம் ஆண்டையொட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு நிறைய இந்தியர்கள் டோக்கியோ வந்தார்கள். இங்கிருந்து டோசாய் என்ற சுரங்க ரயிலில் ஏறினால், வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் உள்ள நிஹோன்பாஷி, ஓதெமாச்சி பகுதிக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். அதனால் ஒருவர் பின் ஒருவராக இங்கேயே குடியேறினார்கள். இன்று பல ஆயிரம் இந்தியர்கள். இந்தியப் பள்ளிக்கூடமும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. பூங்காவில் மாலை நேரம் உட்கார்ந்தால் தெலுங்கும் இந்தியும் தமிழும் கேட்கும். இரண்டாம் நாளே மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் பேச்சை வைத்து என்னை அடையாளம் கண்டு, "சாருக்கு நாகர்கோவில் பக்கமா?" என்றார்.

வெளிநாட்டில் வாழ்வது என்றால் என்ன என்று மூன்றாம் நாள் தெரிந்தது. சமையல் கழிவை ஒரு பையில் கட்டிக் கீழே கொண்டு வைத்துவிட்டு வந்தேன். மாலையில் பார்த்தால் மற்றவர்கள் பையெல்லாம் போயிருந்தது. என்னுடையது மட்டும் மேலே ஒரு சீட்டு ஒட்டி அங்கேயே இருந்தது. எரிக்கும் குப்பைக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கும் தகரத்துக்கும் வேறு கிழமை, காகிதத்துக்கு இன்னொரு கிழமை. நான் கிழமை மாற்றி வைத்துவிட்டேன். வெட்கமாகப் போயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் ஒன்றும் சொல்லாமல், படம் போட்ட காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, இன்றைய தேதியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் தவறவே இல்லை.

ரயிலில் யாரும் போனில் பேசுவதில்லை. நான் ஊரிலிருந்து வந்த அழைப்பை எடுத்து "ஆமா, சொல்லும்" என்றதும், "அப்பா, மெதுவா" என்று மகள் கையைப் பிடித்தாள். பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே இறங்கக்கூடாது. அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பிறந்தாலும் நம் பேரனுக்கு ஜப்பான் குடியுரிமை கிடையாது. பெற்றோர் யாரோ, பிள்ளையும் அந்த நாட்டவன்தான். பிறந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும், பிறகு இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். பிரசவச் செலவுக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து 5 லட்சம் யென் கொடுக்கிறார்கள். அது வெளிநாட்டவர் என்றாலும் காப்பீடு கட்டுபவருக்கு உண்டு.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய சங்கடம் இல்லை. எங்கள் ஊர்க்காரருக்கு மீன் இருந்தால் போதும். சாளை, அயிலை இனங்கள் பனிக்கட்டியில் பளபளவென்று கிடக்கும். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை போலக் காய வைத்துச் சீவிப் போட்டுத்தான் அவர்கள் குழம்புக்குச் சாறு எடுக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். நம் மாசிக் கருவாடேதான். கறிவேப்பிலைதான் கிடைக்கப் பாடு. மகள் பால்கனித் தொட்டியில் ஒரு செடி வைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் இலை முழுக்க உதிர்ந்து, செடி செத்ததாக நினைத்திருக்கிறாள். "குளிர் தொடங்கும்போது உள்ளே எடுத்து வை, தண்ணீரைக் குறை, வசந்தத்தில் நுனி கிள்ளிவிட்டு உரம் வை" என்று சொல்லிக் கொடுத்தேன். ஜப்பானில் நான் செய்த ஒரே விரிவாக்கப் பணி அது.

ஒரு பை அரிசி, ஒரு குவிண்டால் நெல்

நாங்கள் போன நேரம் அங்கே எல்லோர் வாயிலும் அரிசி விலைதான். 2025 மே மாதம் 5 கிலோ பையின் சராசரி விலை 4,200 யெனைத் தாண்டியது. ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட இருமடங்கு. நம் பணத்தில் சுமார் 2,500 ரூபாய், அதாவது கிலோ 500 ரூபாய். நம் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குக் கிடைத்த விலை 2,500 ரூபாய். அங்கே 5 கிலோ அரிசியின் விலையும் இங்கே 100 கிலோ நெல்லின் விலையும் ஒன்றாக இருந்தது.

காரணம் பலது. 2023 கோடை வெயிலில் நெல்மணி சரியாகத் திரளவில்லை. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்க எச்சரிக்கை வந்தபோது மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. அரிசி மிஞ்சுகிறது என்று 1970 முதல் ஏறத்தாழ 50 வருடம், நெல் பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சொல்லி விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுத்தது. குறைத்துக் குறைத்து, தேவைக்குக் கூட்ட முடியாத நிலை வந்துவிட்டது. 'நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொண்டுவந்து தருகிறார்கள்' என்ற பொருளில் பேசிய வேளாண் அமைச்சர், மே மாதம் பதவியை விட்டே போக வேண்டியதாயிற்று. அரசு தன் சேமிப்புக் கிடங்கைத் திறந்து, 5 கிலோ 2,000 யென் அளவுக்குக் கடைகளில் கிடைக்கச் செய்தபோது, அந்தப் பணக்கார ஊரில் மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். எனக்கு நம் ரேஷன் கடை ஞாபகம் வந்தது.

பட்டணத்துக்குள் கீரைப் பண்ணை

எதோகாவா வட்டாரத்துக்கென்று ஒரு கீரை உண்டு. கொமாட்சுனா என்று பெயர். கடுகுக் குடும்பத்துக் கீரை. அங்குள்ள கொமாட்சுகாவா என்ற ஊர்ப் பெயரிலிருந்துதான் கீரைக்குப் பெயர் வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கு வந்த ஷோகுன் யோஷிமுனே இதைச் சாப்பிட்டுவிட்டு, ஊர்ப் பெயரையே வைத்தார் என்று சொல்கிறார்கள். கோடையில் ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். மனைவி இதில் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தாள். தண்டங்கீரைக்கும் கடுகுக்கும் நடுவில் ஒரு ருசி.

ஒருநாள் பஸ் ஏறி வட்டாரத்தின் வடக்குப் பகுதிக்குப் போனேன். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே நிழல்வலைக் குடில்களும் நெகிழிக் கூடாரங்களும் இருந்தன. உள்ளே கீரைப் பாத்தி, நூல் பிடித்தாற்போல. ஒரு வீட்டு வாசலில் மர அலமாரி. அதில் கட்டுக் கட்டாகக் கீரை, வெள்ளரி. பக்கத்தில் ஒரு தகர உண்டியல். ஆள் கிடையாது. ஒரு கட்டு 100 யென். நாணயத்தைப் போட்டுவிட்டு எடுத்துப் போக வேண்டியது. நான் போட்ட காசின் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து யாராவது வருவார்களா என்று நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

என்னை அதைவிடக் கவர்ந்தது தோட்டத்து மூலையில் நட்டிருந்த ஒரு பலகை. மருமகனுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். 'உற்பத்திப் பசுமை நிலம்' என்று எழுதியிருக்கிறதாம். டோக்கியோ போன்ற நகரத்துக்குள் நிலத்துக்கு வீட்டுமனைக் கணக்கில் வரி போட்டால் எந்த விவசாயியாலும் கட்ட முடியாது. அதனால் 1992 முதல் ஒரு ஏற்பாடு. '30 வருடம் விவசாயம்தான் செய்வேன், கட்டடம் கட்டமாட்டேன்' என்று உடன்பட்டால், விளைநிலத்துக்குரிய குறைந்த வரிதான். குறைந்தபட்சம் 500 சதுர மீட்டர் இருந்தால் போதும், நம் கணக்கில் 12 சென்ட் சொச்சம். பிறகு அதையும் 300 சதுர மீட்டர் வரை குறைக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். முதலில் சேர்ந்தவர்களின் 30 வருடம் 2022-ல் முடிந்தது. எல்லோரும் விற்றுவிடுவார்கள் என்று பயந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் இன்னும் 10 வருடத்துக்கு நீட்டித்துக்கொண்டார்கள்.

நான் அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் கொட்டாரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விதமாகச் சொல்லலாம். மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. தமிழில் களஞ்சியம் என்றும் பொருள் உண்டு. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாஞ்சில் நாட்டில் களஞ்சியம் என்பது பொருத்தமான பெயர்தான். ஆனால் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு இன்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லட்டும், இரண்டு பக்கமும் எத்தனை ஏலாவில் நெல் நிற்கிறது, எத்தனையில் கல் நட்டிருக்கிறது என்று.

கடலை நிரப்பி, மறுபடி கரை கட்டிய இடம்

பேரன் பிறந்து ஒரு மாதம் ஆனதும் எல்லோருமாகக் காசாய் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். 117 மீட்டர் உயர ராட்டினம், மீன் காட்சியகம் என்று குடும்பத்தோடு போவதற்கு நல்ல இடம். எனக்குக் கதை கேட்கத்தான் ஆசை. முன்பு இங்கே ஆழமில்லாத சேற்றுக் கடல். மீனவர்கள் உண்ணும் கடல்பாசி வளர்த்திருக்கிறார்கள். 1960-களில் நகரம் பெருத்தபோது மீன்பிடி உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். கடலில் மண் போட்டு நிலமாக்கினார்கள். பிறகு, பறவையும் மீனும் போய்விட்டதே என்று, செயற்கையாக இரண்டு கடற்கரைகளை உண்டாக்கினார்கள். ஒன்று மனிதருக்கு. இன்னொன்றில் மனிதர் இறங்கக்கூடாது, பறவைக்கு மட்டும். 2018-ல் அந்த இடம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இதைக் கேட்டதும் நான் மருமகனிடம் சொன்னேன்: "நம்ம தேரூர், சுசீந்திரம் குளமும் 2022-ல் அதே பட்டியலில் சேர்ந்ததுதான். யாரும் செலவு பண்ணி உண்டாக்க வேண்டியதில்லை. அழிக்காம இருந்தாப் போதும்." குளம் நிறைந்தால்தான் வயல், வயல் நனைந்தால்தான் குளத்துப் பறவைக்கு இரை. ஒன்றை மனையாக்கிவிட்டு மற்றதைப் பாதுகாக்க முடியாது.

கமோகாவா மலையில்

மே கடைசிச் சனிக்கிழமை மருமகன் வாடகைக்கு ஒரு கார் எடுத்தார். "மாமா, உங்களுக்கு வயல் காட்டுறேன்" என்றார். டோக்கியோ வளைகுடாவுக்கு அடியில் 9.6 கிலோமீட்டர் சுரங்கம், அதற்குமேல் பாலம், மொத்தம் 15 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் மறுபடி சீபா மாநிலம். மலைப்பாதையில் ஏறிக் கமோகாவா என்ற ஊரின் ஓயாமா சென்மாய்தா போய்ச் சேர்ந்தோம். 'ஆயிரம் வயல்' என்று பொருள். எண்ணினால் 375. எல்லாம் சேர்த்து 3.2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 8 ஏக்கர். சராசரியாக ஒரு வயலுக்கு 2 சென்ட்தான். படிக்கட்டு போல மலைச்சரிவில் அடுக்கியிருக்கிறது. ஆறு இல்லை, கால்வாய் இல்லை, மழைத் தண்ணீர் மட்டும். களிமண் என்பதால் தண்ணீர் நிற்கிறது. பேச்சிப்பாறை அணை எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கடைமடைக்காரனுக்கு இது அதிசயம்.

இந்த 375 வயலும் இன்னும் வயலாக இருப்பதற்குக் காரணம், 2000-ல் தொடங்கிய ஒரு திட்டம். நகரத்துக் குடும்பங்கள் ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு வயலை எடுத்துக்கொள்ளலாம். நிலம் அவர்களுடையதாகாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளைகளோடு வந்து இறங்க வேண்டும். தண்ணீரையும் வரப்பையும் உள்ளூர் விவசாயிகள் பார்த்துக்கொள்வார்கள். விளைந்த அரிசி குடும்பத்துக்கு. நாங்கள் போனபோது நட்டு மூன்று வாரப் பயிர். வரப்பெல்லாம் தவளைச் சத்தம். ஒவ்வொரு வயல் தலைமாட்டிலும் ஒரு குடும்பத்தின் பெயர்ப்பலகை.

இறங்கி வரும் வழியில், அந்தத் திட்டத்தில் சேராத ஒரு வயலின் வரப்பில் பெரியவர் ஒருவர் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். 78 வயதாம். நான் வயலைப் பார்த்து நிற்பதைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினார். மருமகன் நான் இந்தியாவில் வேளாண் அலுவலர் என்று சொன்னதும், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். பயிரைக் காட்டி "கோஷிஹிகாரி" என்றார். அது 1956-ல் பெயரிட்ட ரகம். எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே 1956-ல்தான். எங்கள் அப்பா காலத்தில் 'ஜப்பான் நடவு' என்று ஒன்று வந்ததையும், மேட்டுப்பாத்தி நாற்று, கயிறு பிடித்து வரிசை நடவு, களை உருட்டும் கருவி என்று 1953 முதல் நாடு முழுக்க அதைப் பரப்பியதையும் சொன்னேன். ஜப்பான் ரகத்தோடு நம் ஜி.இ.பி. 24-ஐக் கலந்துதான் ஆடுதுறை 27 வந்தது என்றும் சொன்னேன். பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வயலைச் சுற்றி மின்வேலி இருந்தது. காட்டுப்பன்றி. அதிலும் நாம் உறவினர்தான். மேலே ஒரு வயல் முழுக்கப் புதரும் மூங்கிலுமாகக் கிடந்தது. அதைக் காட்டிச் சொன்னார்: "அது என் சிநேகிதன் வயல். அவன் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் மூன்று ஊரில். நிலம் இன்னும் அவன் அப்பா பெயரில் இருக்கிறது. குத்தகைக்குக் கேட்கவும் ஆள் தெரியவில்லை, வெட்டிச் சுத்தம் செய்யவும் உரிமை இல்லை. பன்றி அங்கேதான் குடியிருக்கிறது."

இது அந்த ஒரு வயலின் கதை இல்லை. ஜப்பானில் உரிமையாளர் யாரென்றே தெரியாத நிலம் அவ்வளவு சேர்ந்துவிட்டது. அதனால் 2024 ஏப்ரல் முதல், வாரிசாக நிலம் வந்ததை அறிந்த 3 வருடத்துக்குள் பெயர் மாற்றிப் பதிய வேண்டும், தவறினால் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். விவசாயமே முக்கியத் தொழிலாக இருப்பவர்கள் 2000-ல் 24 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 13.6 லட்சம். அவர்களின் சராசரி வயது 67.8.

அரிசி விலை கூடியிருக்கிறதே, உங்களுக்கு லாபம்தானே என்று கேட்கச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "விலை இல்லாத காலத்தில் பிள்ளைகளை விவசாயத்துக்கு வராதே என்று நாங்களே அனுப்பிவிட்டோம். இப்போது விலை வந்திருக்கிறது, ஆள் இல்லை. என் மகன் டோக்கியோவில் ஆபீஸ் வேலை. நடவுக்கும் அறுப்புக்கும் வருவான். அதுவே பாக்கியம்" என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு வயல் உண்டா?"

"46 சென்ட் உண்டு" என்றேன்.

"உங்களுக்குப் பிறகு அதில் யார்?"

மருமகன் மொழிபெயர்த்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் பதில் இல்லை. "பார்க்கலாம் என்று சொல்லுங்கள்" என்றேன். திரும்பும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

கொட்டாரத்தில்

அந்தக் கேள்வி ஏன் சுட்டது என்று சொல்ல வேண்டும். எங்கள் 46 சென்டும் அப்பா சம்பாத்தியம். அப்பா 2014-ல் காலமானார். பட்டா நாங்கள் ஜப்பான் போகும்போதும் அப்பா பெயரில்தான் இருந்தது. எத்தனையோ விவசாயிகளிடம் "பட்டா உங்க பேர்ல இருக்கா?" என்று கேட்டே திட்டத்தில் சேர்க்கும் நான், என் வீட்டில் 11 வருடம் அதைச் செய்யவில்லை. பக்கத்து வயல்களில் மனை போட்டாயிற்று. தரகர் அண்ணனிடம் நாலைந்து தடவை வந்துவிட்டார். அவர் சொன்ன தொகை, 40 வருடம் இரண்டு பூவும் நெல் போட்டாலும் கையில் நிற்காது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பார்க்கிறார்கள். அண்ணனைக் குற்றம் சொல்ல நான் யார்?

ஜூலையில் திரும்பியதும் அண்ணனோடு உட்கார்ந்து பேசினேன். "ஜப்பானுக்குப் போயிட்டு வந்து வயலைப் பத்திப் பேசுதியாக்கும்?" என்றார். ஆனாலும் காது கொடுத்தார். முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, ஆளுக்கு 23 சென்டாகத் தனிப்பட்டா வாங்கினோம். அண்ணன் தன் பாகத்தை இந்தக் கும்பப்பூ அறுவடை வரை விற்பதில்லை என்று சம்மதித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் விருப்பம். நடுவில் கல்யாணம் நிச்சயமானால் என் சேமநல நிதியிலிருந்து கொஞ்சம் கொடுத்து, அதை நானே எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடியுமா என்று இன்னும் உறுதியில்லை.

46 சென்டையும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். டிப்ளமோ படித்தவன், நடவு இயந்திரம் வைத்திருக்கிறான், சுற்றுவட்டாரத்தில் இப்படிச் சிறு சிறு வயல்களாக எடுத்துச் சேர்த்துப் பயிர் செய்கிறான். 46 சென்டில் ஒருவன் பிழைக்க முடியாது. இருபது பேரின் 46 சென்ட் சேர்ந்தால் முடியும். பாய் நாற்றங்கால் போட்டு, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். 5 நட்டான். இப்போது கதிர் முற்றி நிற்கிறது.

மகளிடம் போனில் எல்லாம் சொன்னேன். "விக்கணும்னு வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்துக்கிடுங்க அப்பா" என்றாள். முன்பெல்லாம் "அது எனக்கு எதுக்கு?" என்பவள். வயலுக்கு மடை எந்தப் பக்கம், தண்ணீர் முறை எந்தக் கிழமை, நான்கு எல்லையிலும் யார் வயல் என்று ஒரு நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் வருவாளோ, பேரன் வருவானோ தெரியாது. குத்தகை கேட்டு வருகிறவன் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போகக்கூடாது. அதுவரை என் பொறுப்பு.

போய்வந்த பிறகு விவசாயிகள் என்னிடம் கேட்டவை

கேள்வி: நம் பையன்கள் ஜப்பானுக்கு விவசாய வேலைக்குப் போகலாமா?

போகலாம். 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற விசாவுக்கு இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துள்ளன. விவசாயமும் அதில் உண்டு. 18 வயது முடிந்திருக்க வேண்டும். அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் விவசாயத் திறன் தேர்வும் தேற வேண்டும். முதல் நிலையில் அதிகபட்சம் 5 வருடம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பழைய 'தொழில்நுட்பப் பயிற்சியாளர்' திட்டத்தை மாற்றிப் புதிய திட்டம் 2027-ல் வருகிறது. மொழி தெரியாமல் 'நேரே வேலை' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். மொழியை முதலில் படியுங்கள்.

கேள்வி: கோஷிஹிகாரி நெல்லை நம் வயலில் போடலாமா?

வேண்டாம். அது குளிர்நாட்டு ஜப்பானிக்கா ரகம். நம் வெப்பத்திலும் பகல் நீளத்திலும் தூர் கட்டும் முன்பே கதிர் வந்துவிடும், மகசூல் இராது. நமக்கு டி.பி.எஸ். ரகங்களும் அம்பை 16-ம் இருக்கின்றன.

கேள்வி: ஆளில்லாத கீரைக் கடை நம் ஊரில் நடக்குமா?

தெரிந்தவர்கள் மட்டும் நடக்கும் தெருவில் நடக்கலாம். சாலையோரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அங்கே நெடுஞ்சாலையோர விவசாயிகள் அங்காடிகளில் பார்த்த இன்னொன்றைச் செய்யலாம். விவசாயியே விலை வைத்து, ஒவ்வொரு கட்டிலும் தன் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டுகிறார். வடசேரி உழவர் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். நல்ல கீரை என்றால் அடுத்த தடவை பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள்.

கேள்வி: அப்பா பெயரில் பட்டா இருந்தால் என்ன நஷ்டம்?

பயிர்க் காப்பீடு, கூட்டுறவுப் பயிர்க் கடன், மானியம், விவசாயிகளுக்கான தனி அடையாள எண் எல்லாவற்றிலும் தடங்கல் வரும். வாரிசுகள் எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஒரு தலைமுறை தாண்டினால் கையெழுத்துக்கு எட்டு ஊர் அலைய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்திலிருந்தே தொடங்கலாம்.

கும்பப்பூ அறுவடை முடிந்ததும், புது அரிசியில் 2 கிலோ டோக்கியோவுக்கு எடுத்துப் போக முடியுமா என்று மருமகனிடம் கேட்டேன். பயிர்நல ஆய்வுச் சான்று இல்லாமல் அரிசியை உள்ளே விடமாட்டார்களாம். சரி, அவர்களே பேரனைக் கூட்டிக்கொண்டு இங்கே வரட்டும்.